பதினோரு நொடிக்கு எவ்வளவு எக்கோ

1

பெற்ற தாய்க்காக அழுவதற்குப் பிஜியின் லௌடோக்காவில் மணிக்கு நாற்பது டாலர். மின்விசிறி, மைக், எக்கோ எல்லாம் அதற்குள் அடக்கம். டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கும் தர்மேன் கவுண்டரின் ஒலிப்பதிவு அறைக் கதவில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறது. (உண்மையில் 'பாட்டு, மணிக்கு நாற்பது' என்றுதான் எழுதியிருக்கிறது. அழுகையை நான் சேர்த்தேன். சரக்கை விரிக்கும்போதே கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவது நான் வளர்ந்த துணிக்கடையின் பழக்கம். இனிமேல் குறைத்துக்கொள்கிறேன்.)

கதை எனக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். தோரிகா என்ற பெண்மணி எங்கள் கடைக்குப் பூப்போட்ட துணி அறுபது மீட்டர் எடுக்க வந்தாள். மாமியார் இறந்த நூறாம் நாள், துக்கம் கழிக்கும் விருந்து. உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். மீட்டர் ஐந்து என்றேன். நாலரை என்றாள். நாலே முக்காலில் நின்றோம். அப்போது அவள் மேசை மேல் முழங்கையை ஊன்றினாள்.

"நாலரைக்குப் போடு. எங்க வீட்டுல ஒரு கூத்து நடக்குது, சொல்றேன். கேட்டப்புறம் நீயே நாலுன்னு சொல்லுவ."

நான் நாலு என்று சொல்லவில்லை. நாலரைக்குக் கொடுத்தேன். கதையின் பாதி அதில் கிடைத்தது. விருந்து முடிந்து அவள் இன்னொரு முறை வந்து கொஞ்சம் சொன்னாள். மிச்சத்தைத் தர்மேனிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கினேன்.

எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்த தொடக்கம் இது:

"கரும்பாலையின் சங்கு ஓய்ந்த பின்னும் அதன் ஒலி, ஒரு தாயின் நினைவைப் போல, லௌடோக்காவின் வானத்தில் நெடுநேரம்—"

[விட்டுவிட்டேன். தர்மேன் கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "எக்கோ ஜாஸ்தி."]

இரண்டாவது தொடக்கம்: "தர்மேன் கவுண்டர் ஒலிப்பதிவாளர். வயது நாற்பத்தொன்பது. திங்கட்கிழமை இருவர் வந்தனர்."

[இதில் எக்கோவே இல்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் தாள் மாதிரி இருக்கிறது.]

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் என் தொல்லை. தர்மேனின் தொல்லையும் அதுதான். அவருக்காவது திருக ஒரு குமிழ் இருந்தது.

2

தர்மேனிடம் இருந்த பெட்டி பழையது. முகப்பில் எண் காட்டும் விளக்குகளில் இரண்டு பாதி செத்துவிட்டன; எட்டும் மூன்றும் ஒன்று போலத் தெரியும். பெட்டிக்குள் இரண்டே வேலை. ஒன்று ரிவெர்ப். மற்றது டிலே. வித்தியாசம் தெரியாதவர்களுக்காக: ரிவெர்ப் ஊர்ப் பேச்சு மாதிரி. யார் சொன்னது என்று பிடிக்க முடியாது, நாலா பக்கமும் இருக்கும், மெல்லத் தேயும். டிலே மாமியார் பேச்சு மாதிரி. சொன்ன சொல்லே, அதே இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப வரும்.

புதுப் பெட்டிகளில் ஆளுக்கு ஒரு ரிவெர்ப் கொடுக்கலாம். ஒருவரைக் கோயிலில் நிறுத்தலாம், இன்னொருவரைக் குளியலறையில் நிறுத்தலாம். தர்மேனின் பெட்டியில் ஒரே ஓர் அறைதான். யார் பாடினாலும் அந்த அறைக்குள்தான் போக வேண்டும். கதவருகே நிற்பதா, மூலையில் நிற்பதா என்பதை மட்டும் அவர் மாற்றலாம். அதையே ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்: "நம்ம ரெக்கார்டுல எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ."

திங்கட்கிழமை காலை சகியூசா வந்தான். கூடவே அவன் மனைவி தோரிகா. கையில், உதவி கேட்டு வருபவர்கள் முறைப்படி வைக்கும் யங்கோனா வேர்க் கட்டு. கேட்க வந்த காரியம் பெரியது என்று அந்தக் கட்டின் பருமனே சொன்னது. கட்டைத் தரையில் வைத்து, உள்ளங்கையைக் குவித்துத் தட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், அம்மாவுக்கு ஒரு பாட்டு. சனிக்கிழமை நூறாம் நாள். ஊரே கூடும். ஸ்பீக்கர்ல போடணும்."

('மச்சான்' என்பதற்கு அவன் சொன்ன சொல் 'தவலே'. மாமன் மகன், அத்தை மகன், கேலி பேச உரிமை உள்ளவன். பிஜிக்காரர்களின் உறவுமுறைக்குத் தமிழில் சொல் தேடி நான் ஒரு நாளும் அலைந்ததில்லை. கரும்புக்காட்டுக்கு வந்த வம்சத்தில் பிறந்த தர்மேனை அவன் எந்தக் கணக்கில் மச்சானாக்கினான் என்பது வேறு விஷயம். ஒன்றாக ரக்பி ஆடியவர்கள்.)

"பாடுறது ரெண்டு பேரு" என்றாள் தோரிகா. "இவரும் இவரு தங்கச்சியும். ஆனா ஒரே நாள்ல வரமாட்டாங்க."

"சண்டையா?"

"சண்டை போடணும்னா பேசணுமில்ல? இவங்க ஊர்ல அண்ணன் தங்கச்சி வயசுக்கு வந்தப்புறம் நேருக்கு நேர் பேசக்கூடாது. ஒரு ரூம்ல தனியா இருக்கக்கூடாது. அவ்வளவு மரியாதை. இவரு கேக்குறது எங்கிட்ட வரும், நான் அவகிட்ட கொண்டு போகணும். அவ சொல்றது எங்கிட்ட வரும், நான் இவருகிட்ட கொண்டு வரணும். இருபத்திரண்டு வருஷமா நான் இந்த வீட்டுக்கு மருமக இல்ல தம்பி, தந்திக் கம்பம்."

"கம்பம் கொஞ்சம் சத்தம் கம்மியா இருந்தா நல்லது" என்றான் சகியூசா.

"கம்பத்தைப் பிடுங்கிப் பாரு. அப்புறம் குழம்புல உப்பு இல்லன்னு கூட யார்கிட்டயும் சொல்ல முடியாது."

சகியூசா சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடி சொன்னான். "மச்சான், அவ குரல் பாட்டுல கண்டிப்பா இருக்கணும். அம்மாவை வெச்சுப் பாத்துக்கிட்டது அவதான். ஆனா எம்பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்கக்கூடாது. பெரியப்பா முன் வரிசையில இருப்பாரு."

"பக்கத்து ரூம்ல நிறுத்து" என்றாள் தோரிகா.

"என்கிட்ட ஒரே ரூம்தான் அக்கா இருக்கு" என்று பெட்டியைத் தட்டினார் தர்மேன்.

சகியூசா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாடத் தொடங்கினான். கடைசிப் படகு போய்விட்டது அம்மா, நான் எந்தக் கரையில் நிற்பேன் என்று ஒரு பாட்டு, அவனே கட்டியது. இந்தப் பக்கம் தோரிகா குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அது வரும் என்று தர்மேன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

சகியூசா ஆஸ்திரேலியாவில், பண்டபர்க் பக்கம் பழம் பறிக்கப் போயிருந்தபோது அம்மாவுக்கு முடியாமல் போனது. வியாழக்கிழமைக்கு விமானச் சீட்டு எடுத்தான். அம்மா செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். கதவைப் பார்த்தபடியே போனாள் என்று யாரோ சவ அடக்கத்தில் சொன்னார்கள்.

"அன்னிலேர்ந்து அம்மா வீட்டுக்குள்ள கால் வைக்கல தம்பி. தினம் போறாரு. வாசப்படியில உக்காருறாரு. எழுந்து வந்துடுறாரு. கேட்டா, தங்கச்சி தனியா இருக்கா, உள்ள போறது முறையில்லங்கறாரு. நான் கூட இருக்கேன், வாங்கன்னு சொன்னேன். அப்பவும் படிதான்."

[ஒரு கதைக்கு என்ன பணயம் என்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கதையின் பணயம் ஒரு வாசற்படியின் அகலம்.]

3

இப்போது வாசிதியைக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் நான் தடுமாறினேன். பேசக்கூடாத தங்கை என்றதும் என் பேனா தானாக ஓடியது:

"புதன்கிழமை, தலையைக் குனிந்தபடி வாசிதி உள்ளே வந்தாள். அவளது பெரிய கண்களில் கடலின்—"

இந்த இடத்தைத் தர்மேனுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "அந்தம்மா தலையைக் குனிஞ்சது ஒரே ஒரு தடவைதான்யா. செருப்பைக் கழட்டும்போது."

வாசிதி பஸ்ஸில் சீட்டுப் பரிசோதகர். நாற்பத்தொரு வயது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நடப்பாள். நாலு வரிசை தள்ளித் தூங்குகிற மாதிரி நடிப்பவனை எழுப்பும் குரல். கடலையும் கண்களையும் அடித்துவிட்டேன். உண்மையில் நடந்தது:

"வா தங்கச்சி, உக்காரு" என்றார் தர்மேன், மரியாதைக்கு.

அவள் கையை உயர்த்தினாள். "தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. அப்புறம் உங்ககிட்டயும் பேச முடியாம போயிடும். ஒரு அண்ணனே போதும்."

"சரிம்மா."

"அவரு எங்க நின்னு பாடினாரு?"

தரையில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினார். அவள் மைக் கம்பத்தைத் தானே தூக்கி, இரண்டு கை நீளம் தள்ளி, எதிர் மூலையில் வைத்தாள். அவள் பாடும்போது கரும்பு ரயில் இரண்டு முறை போனது. இரண்டு முறையும் நிறுத்திக் காத்திருந்தார்கள். "இதுக்கும் மணிக்கு நாப்பதா?" என்று கேட்டாள். ரயில் நேரத்தைக் கழித்துக்கொள்வதாகத் தர்மேன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் பங்கு சின்னது. அண்ணன் படகைப் பற்றி இரண்டு வரி பாடி முடித்ததும் "விளக்கு இன்னும் எரியுது" என்று ஒரு வரி. அது நாலு இடத்தில் வரும். மூன்றாவது முறை பதிவு செய்தபோது எல்லாம் சரியாக விழுந்தது. கடைசி வரி முடிந்தது. தர்மேன் நிறுத்தும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. மைக்கைப் பார்த்தபடியே நின்று, பாடாமல், பேசினாள்.

[அவள் சொன்னதை இங்கே எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் உங்களுக்குப் பின்னால் நடப்பது எதுவும் புரியாது. எழுதினால், தர்மேன் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை நான் சந்தையில் விரித்தவன் ஆகிறேன். எழுதுகிறேன். என் தொழில் விரிப்பதுதான்.]

"நீங்க வரலைன்னு நினைச்சுக்கிட்டு அம்மா போகல. உங்க பழைய பாட்டைப் போன்ல போட்டேன். 'வாசல்ல நின்னு பாடுறானே, உள்ள வரச் சொல்லு'ன்னா. 'வராரும்மா'ன்னு நான் சொன்னேன்."

பதினோரு நொடி. அந்த 'நீங்க' இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"முடிஞ்சுது" என்றாள். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். "ரசீது கொடுங்க."

அவள் போன பிறகுதான் தர்மேனுக்கு உறைத்தது. பழைய பாட்டு. எட்டு வருஷத்துக்கு முன்பு இதே அறையில், இதே பெட்டியில், அவர் பதிவு செய்தது. அப்போது பெட்டி புதுசு. குழந்தை கையில் விசில் கிடைத்த மாதிரி ரிவெர்ப்பை இரண்டே முக்கால் நொடிக்கு இழுத்து விட்டிருந்தார். சகியூசா ஏதோ தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பாடுவது மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாட்டை யார் போட்டாலும் தர்மேன் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார். அவ்வளவு வெட்கம்.

அந்த எக்கோதான் சின்னப் போனின் ஸ்பீக்கர் வழியாக வந்து, சாகக் கிடந்தவளின் காதில், வாசலில் நிற்கிற மகனாகியிருக்கிறது.

4

வியாழக்கிழமை தர்மேன் பாட்டைக் கோர்த்தார். அந்தப் பதினோரு நொடியைக் கேட்காதபடி மூடி வைத்தார். வெட்டவில்லை, மூடினார். அது தவறி வந்த பேச்சு, தன் காதுக்கே வந்திருக்கக் கூடாதது என்று நினைத்தார்.

பிறகு பழக்க தோஷத்தில் ஒரு காரியம் செய்தார். எந்தப் பாட்டு வந்தாலும் அவர் டிலேயைத் தாளத்துக்குச் சரியாக வைப்பார். சொல் திரும்பி வந்து அடுத்த அடியில் விழ வேண்டும். அப்போதுதான் பாட்டு ஆடும். நானூற்று எண்பது மில்லி நொடி. மூன்று தடவை திரும்பி வரும்படி. கேட்டார். அழகாக விழுந்தது. காதுக்குச் சரி. ஊருக்கு?

வெள்ளிக்கிழமை மதியம் கேட்டுப் பார்க்க வந்தார்கள். சகியூசாவும் தோரிகாவும் உள்ளே. வாசிதி வெளியே, டயர்க் கடைக்காரன் அடுக்கி வைத்த டயர்கள் மேல், கதவு பாதி திறந்திருக்க. தர்மேன் பாட்டை ஓட விட்டார்.

சகியூசாவின் படகு போனது. தங்கை பாடினாள்: விளக்கு இன்னும் எரியுது. பெட்டி தன் வேலையைச் செய்தது. எரியுது… எரியுது… எரியுது… அந்த மூன்றாவது 'எரியுது' முடிந்த அதே அடியில் அண்ணன் குரல் எழுந்தது: நான் எந்தக் கரையில் நிற்பேன்.

சகியூசா எழுந்து நின்றுவிட்டான்.

"மச்சான், அவ என்னைக் கூப்பிடுறா. நான் பதில் சொல்றேன்."

"அது டிலேப்பா. மெஷின்."

"மெஷினா இருந்தா என்ன, மாடா இருந்தா என்ன? எதிரும் புதிருமா நின்னு பேசுற மாதிரி இருக்கு. பெரியப்பா இதைக் கேட்டா விருந்துலேர்ந்து எழுந்து போயிடுவாரு."

தோரிகா கதவுப் பக்கம் போனாள். "வாசிதி, உங்க அண்ணன் சொல்றாரு—"

"கேட்டுச்சு அண்ணி. ரெண்டு கஜம் தள்ளித்தான் இருக்கேன்."

"கேட்டாலும் நான் சொல்லணும். அதுதான் முறை. அந்த எரியுது எரியுதுன்னு வர்றதை எடுக்கச் சொல்றாரு."

"எடுக்கட்டும். நான் ஒரு தடவைதான் சொன்னேன். ஆனா கடைசியில கொஞ்சம் விட்டுப்போச்சுன்னு தர்மேன்கிட்ட சொல்லுங்க."

தோரிகா திரும்பினாள். "கடைசியில கொஞ்சம் விட்டுப்போச்சாம்."

"என்ன விட்டுப்போச்சு?" என்றான் சகியூசா, பெட்டியைப் பார்த்து.

"என்ன விட்டுப்போச்சு?" என்றாள் தோரிகா, வெளியே பார்த்து.

"அவருக்குத் தெரியும்" என்றது டயர்களின் பக்கமிருந்து வந்த குரல்.

எல்லோரும் தர்மேனைப் பார்த்தார்கள். "மூச்சு" என்றார் தர்மேன். "பாடி முடிச்சப்புறம் ஒரு மூச்சு வரும். அதை வெட்டிட்டேன்."

"அதுக்கு இவ்வளவு பேச்சா?" என்றாள் தோரிகா. கணவனை இழுத்துக்கொண்டு சந்தைக்குக் கிழங்கு வாங்கப் போனாள்.

இப்போது நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்தப் பதினோரு நொடியைத் தனியாக ஒரு காப்பி எடுத்துச் சகியூசா போனுக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே? நானும் தர்மேனிடம் அதையே கேட்டேன். தர்மேனும் வாசிதியிடம் அதையே கேட்டிருக்கிறார், அவர்கள் இருவரும் போன பிறகு.

"பாட்டுக்குள்ள இருந்தா பாட்டு" என்றாள் அவள். "தனியா எடுத்துக் கொடுத்தா பேச்சு. அவரும் நானும் ஒரு ரூம்ல தனியா இருக்கிற மாதிரி. அவரு அதைக் கேக்கவே மாட்டாரு. அழிச்சுடுவாரு. அதுதான் மரியாதைன்னு நினைப்பாரு."

"அண்ணி மூலமா சொல்லலாமே?"

"அண்ணி மூலமா சொன்னா அது அண்ணி சொன்னது. அதுவும் இல்லாம, அண்ணிகிட்ட சொல்லிட்டு சனிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இன்னிக்கே ஊருக்குத் தெரிஞ்சிடும். சாகப்போறவகிட்ட பொய் சொன்னவ நான்னு." டயர் மேலிருந்து இறங்கினாள். "பொய்தான். இல்லங்கல. ஆனா அவரு அந்தப் படியிலேர்ந்து எழுந்து உள்ள வரணும். அம்மா வரச் சொன்னா. அதை நான் இன்னும் சொல்லலை."

"பாட்டுல விட்டா எல்லாருக்கும் கேக்குமேம்மா."

"எல்லாருக்கும் கேக்கக்கூடாது. அவருக்குக் கேக்கணும்."

"அப்படி ஒரு குமிழ் என் பெட்டியில இல்லையே."

வாசிதி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சே."

5

சனிக்கிழமை காலை, இரவல் ஸ்பீக்கர்களை ஏற்றிப்போக வண்டி வருவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. தர்மேன் டயர்க் கடைக்காரனிடம் போய், காற்றடிக்கும் மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அண்ணன் வரிகளுக்கு நடுவே டிலேயை எடுத்தார். அவனை முன்னால் கொண்டுவந்தார், தங்கையை மூலைக்கு அனுப்பினார். அது சுலபம். பிறகு பதினோரு நொடியைத் திறந்தார்.

ரிவெர்ப்பைச் சுத்தமாக மூடினால்: தெள்ளத் தெளிவாக ஒரு பெண் தன் அண்ணனிடம் பேசுகிறாள், நூற்றைம்பது பேர் முன்னால். பெரியப்பா எழுந்து போவார். சகியூசா வெட்கத்தில் எழுந்து போவான். உள்ளே அல்ல, வெளியே.

ரிவெர்ப்பை முழுசாகத் திறந்தால்: காற்று. நல்ல காற்று, சோகமான காற்று. ஆனால் காற்று.

நடுவில் எங்கேயோ ஓர் இடம் இருக்க வேண்டும். ஊருக்குக் காற்றாகவும் ஒருவனுக்கு மட்டும் சொல்லாகவும் இருக்கிற இடம்.

[காகிதத்தில் நானும் திருகிப் பார்த்தேன். கொஞ்சம் கூட்டினால்:

நீங்க வரலைன்னு… நினைச்சுக்கிட்டு அம்மா… போகல… கல…

இன்னும் கூட்டினால்:

…அம்மா… …பாட்டை… …வாசல்ல… …உள்ள… …ள்ள…

இதற்கு மேல் கூட்டினால் அச்சகத்தார் வெறும் புள்ளிகளுக்குக் காசு கேட்பார்கள். எது சரி? உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அதனால் எல்லாமே உங்களுக்குக் கேட்கும். மூன்றாம் பகுதியிலேயே எக்கோ இல்லாமல் கொடுத்து உங்கள் காதைக் கெடுத்துவிட்டேன்.]

தேய்வு நேரத்தை இரண்டே முக்கால் நொடியில் வைத்தார் தர்மேன். எட்டு வருஷமாக அவர் கை போகாத எண் அது. அந்த எக்கோவுக்குள் நின்று பாடியவன் உலகத்தில் ஒருவன்தான். தன் பழைய வீட்டின் வாசனை மாதிரி அவனுக்கு அது தெரியும் என்று கணக்குப் போட்டார். பிறகு டிலேயை மறுபடி எடுத்தார். இந்த முறை தாளத்துக்கு வைக்கவில்லை. ஒரு சொல்லுக்கு மட்டும் திறந்து உடனே மூடினார். 'வராரும்மா'. அது மட்டும் திரும்பி வரும். வராரும்மா… வராரும்மா… ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி, வாசலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து கரைக்கு.

மீதி இருந்தது ஒரே குமிழ். குரல் எவ்வளவு, எக்கோ எவ்வளவு. கை நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. ஐம்பத்தைந்தில் சொல் தெரிந்தது. அறுபத்தைந்தில் தெரியவில்லை. ஆனால் அவர் அதை நூறு தடவை கேட்டவர், அவர் காதை நம்ப முடியாது. டயர்க் கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். "ஏதோ சாமி பாட்டு மாதிரி இருக்கு" என்றான் அவன். நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று புரியவில்லை. வண்டி வந்து ஹார்ன் அடித்தது.

"கடைசியில எங்க நிறுத்தினீங்க?" என்று நான் கேட்டேன்.

தர்மேன் மூக்கைச் சொறிந்துகொண்டார். "எண் விளக்கு செத்துப்போச்சுன்னு சொன்னேனே. எட்டா மூணான்னே தெரியாது."

"ஐம்பத்தெட்டா, ஐம்பத்துமூணா?"

"ஐம்பதுன்னு நான் சொன்னேனா?"

பேரம் அதற்கு மேல் படியவில்லை.

6

விருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் தோரிகா சொன்னது. தார்ப்பாய்ப் பந்தல். நிலத்தடி அடுப்பில் வெந்த பன்றி, கிழங்கு, தேங்காய்ப்பாலில் கீரை. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பாயில் உட்கார்ந்த பிறகு பாட்டைப் போட்டார்கள். அம்மா வீட்டுக்குள் பெண்கள் நிறைந்திருந்தார்கள். வாசிதி உள்ளே, ஜன்னல் பக்கம். சகியூசா வழக்கம் போல வாசற்படியில்.

அத்தனை பேர் உள்ளே இருக்கும்போது அவன் போவதை எந்த முறையும் தடுக்காது. இதைக் கவனத்தில் வையுங்கள்.

பாட்டு முடிந்தது. எக்கோ வந்தது. சித்திமார் கண்ணைத் துடைத்தார்கள். பெரியப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "கடைசியில என்ன அது, காத்தா?"

"எக்கோ பெரியப்பா" என்றாள் தோரிகா. "மெஷின்ல வரும்."

"நல்லாருக்கு. அதை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

அப்போது சகியூசா எழுந்தான்.

நான் மேசை மேல் சாய்ந்தேன். "எழுந்து?"

"அங்கதான்யா வினை. சரியா அந்த நேரத்துல துணியைத் தூக்கிட்டு வந்தாங்க. உன் அறுபது மீட்டரையும் ரெண்டு பொண்ணுங்க விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வாசலை மறிச்சுக்கிட்டு நடந்தாங்க. துணி தாண்டிப் போனப்புறம் பாத்தா படியில ஆளைக் காணோம்."

"செருப்பு?"

"வாசல்ல நாப்பது ஜோடி கிடக்கு. நான் என்ன கடையா வெச்சிருக்கேன், ஜோடி பாக்க? அதுக்குள்ள பெரியப்பாவுக்குத் தண்ணி கேட்டாங்க, போயிட்டேன்."

"வீட்டுக்கு வந்தப்புறம் அவரைக் கேட்டியா?"

"கேட்டேன். 'சத்தம் கம்மி பண்ணு'ன்னாரு."

ஆக, நான் நாலரைக்கு விற்ற துணியே என் கதையின் முடிவை மறைத்துவிட்டது. ஐந்துக்கே பிடிவாதமாக நின்றிருந்தால் அவள் வேறு கடைக்குப் போயிருப்பாள்.

வேறு வழியில்லாமல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: சகியூசா வாசற்படியைத் தாண்டி உள்ளே போனான். அம்மாவின் வெறும் பாயைப் பார்த்து, "வந்துட்டேன்" என்றான். [தர்மேன் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.]

இரண்டு: சகியூசா வீட்டின் பின்பக்கம் போய்ச் சிகரெட் பற்ற வைத்தான். அவனுக்கும் அது காற்றுதான். [நடக்கக்கூடியது. ஆனால் இதை எழுதிவிட்டு நான் மறுநாள் பஸ்ஸில் போக வேண்டும். அந்த பஸ்ஸில் பரிசோதகர் யாரென்று யோசித்தேன்.]

மூன்று: கேட்டது. புரிந்தது. அதனால்தான் உள்ளே போக முடியாமல் அவன் கடற்கரைப் பக்கம்— [இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அவன் அழுகிறான். நிறுத்திவிட்டேன்.]

மறுநாள் பஸ்ஸில் போகவே செய்தேன். மார்க்கெட்டிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தில் வாசிதி ஏறினாள். கம்பியைப் பிடிக்காமல் நடந்து வந்தாள். சீட்டை நீட்டினேன்.

"ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு விருந்துல, அவரு உள்ள வந்தாரா?"

அவள் சீட்டின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"அவரு உள்ள வந்தா நான் தலை நிமிர்ந்து பாக்கக்கூடாது. வரலைன்னா பாக்க ஆளே இல்ல. எப்படி இருந்தாலும் நான் பாத்திருக்க மாட்டேனே." சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க இறங்க வேண்டிய இடம் போன ஸ்டாப்."

இறங்கி நடந்து வந்து, இதோ கணக்கை முடிக்கிறேன். நொடிகளில்.

அண்ணன் பாடியது, நூற்று அறுபது. தங்கை பாடியது, முப்பத்தாறு. கித்தார் மட்டும், முப்பத்து மூன்று. பேச்சு, பதினொன்று. மொத்தம் இருநூற்று நாற்பது. இருவரும் சேர்ந்து பாடியது, இல்லை.

இதில் ஊர் காதில் சேர்ந்தது, இருநூற்று இருபத்தொன்பது. அதற்கு எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பதினொன்றை நீங்கள் எக்கோ இல்லாமல் வாங்கிக்கொண்டீர்கள். சகியூசாவின் பெயரில் அதை வரவு வைக்க என்னிடம் சாட்சி இல்லை. குமிழ் நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே நிற்கிறது, எண் விளக்கு எரியவில்லை, கை உங்களுடையது.

நிலுவை: பதினோரு நொடி.